சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. ஆனாலும் கணக்கு நேராகவில்லை

ஆண்டுக்கொரு முறை வணிகர் சங்கங்கள் இலவச மருத்துவ முகாம் நடத்துவது இன்று ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். பந்தல் போட்டு, மருத்துவர்களை அழைத்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். முகாம் முடிந்த மறுநாள் கடைவீதியில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். "நமக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. எடைதான் கொஞ்சம் கூட. அது எங்கள் பரம்பரை உடல்வாகு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை."

இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் உள்ள சீட்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீட்டிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரிதானா என்பதே நம் கேள்வி. நாள்வழியில் இன்று பாக்கி இல்லை என்பதாலேயே ஐந்தொகையில் இலாபம் வந்துவிடும் என்று எந்த வணிகரும் நம்ப மாட்டார். உடல் விஷயத்தில் மட்டும் அப்படி நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு. அதனால் நாம் கொடுக்கும் விலை பெரிது. நம் சங்கங்களின் முகாம்களும் இதைத் தெரியாமலே வளர்க்கின்றன என்பது நம் கருத்து.

பருமன் என்பது எவ்வளவு?

முதலில் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எடையைக் கிலோவில் எழுதி, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. பி.எம்.ஐ. என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 165 செ.மீ. உயரமும் 82 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு இது 30-ஐத் தொடுகிறது. மேல்நாட்டாருக்கு 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இந்தியர்களுக்கு இந்த அளவு பொருந்தாது என்று கண்டு, நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன் என்று குறைத்து வகுத்தார்கள். மேற்சொன்ன 165 செ.மீ. உயரக்காரர் 68 கிலோவைத் தாண்டினாலே இந்தக் கணக்கில் பருமன் பட்டியலில் வந்துவிடுவார். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் குறியீடு 25-ஐத் தாண்டியவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது பெண்களில் 31, ஆண்களில் 28 என்ற அளவில் இருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் இத்தனை ஏற்றம். நம் கடைவீதியில் எண்ணிப் பார்த்தால் இதைவிடக் கூடுதலாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

எல்லாருக்கும் ஏன் நோய் வருவதில்லை?

பருமனாக உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு மூன்றும் சரியாகவே இருக்கின்றன. வளர்சிதை மாற்றத்தில் கோளாறு இல்லாத பருமன் என்று இதை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இது கற்பனை அல்ல, உண்மையான ஒரு பிரிவுதான்.

இதற்குக் காரணம் கொழுப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. வணிகர்களுக்கு இது எளிதில் விளங்கும். சரக்கு கூடுதலாக வரும்போது கிட்டங்கியில் இடம் இருந்தால் அங்கே அடுக்கிவிடலாம், கடை நடக்கும். கிட்டங்கி நிறைந்துவிட்டால் மூட்டைகள் நடைபாதைக்கு வரும், கல்லாவைச் சுற்றி அடையும், வாடிக்கையாளர் நிற்க இடம் இருக்காது. தோலுக்கு அடியில், தொடையில், இடுப்புப் பின்புறத்தில் தங்கும் கொழுப்பு கிட்டங்கிச் சரக்கு. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் படியும் கொழுப்பு நடைபாதைச் சரக்கு. இந்த இரண்டாவது வகைதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே கிட்டங்கி பெரிது. அதனால் எடை கூடியும் சீட்டில் எண்கள் சரியாக இருக்கின்றன.

ஆனால் நம்மவர்களுக்கு இந்தக் கிட்டங்கி பொதுவாகவே சிறிது. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால் வெள்ளையர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலில் 21.2 சதவீதம். தராசு ஒரே எடை காட்டியது. உள்ளே இருந்த சரக்கு வேறு. ஆகவே, "பருமனாக இருந்தும் நலமாக இருப்போர்" என்று மேல்நாட்டு ஆய்வுகளில் படிப்பதை நாம் அப்படியே நமக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீண்ட கால ஆய்வுகள் சொல்வது

இனி, சீட்டில் எல்லாம் சரியாக உள்ள பருமனானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது என்ன தெரிந்தது என்று பார்ப்போம்.

2017-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 35 லட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு மூன்றும் இல்லாத பருமனானவர்களை, அதே மூன்றும் இல்லாத சரியான எடைக்காரர்களோடு ஒப்பிட்டார்கள். பருமனானவர்களுக்கு இதய இரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு 49 சதவீதம் கூடுதல். இதயம் வலுவிழந்து இரத்தத்தைச் சரிவர இறைக்க முடியாமல் போகும் நோய்க்கு வாய்ப்பு 96 சதவீதம் கூடுதல். அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2021-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 3,81,363 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், கோளாறு இல்லாத பருமனானவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தது, பருமனும் கோளாறும் இல்லாதவர்களைவிட 4.3 மடங்கு கூடுதல். இதயம் வலுவிழப்பது 76 சதவீதம் கூடுதல். மாரடைப்பும் பக்கவாதமும் 18 சதவீதம் கூடுதல்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. 49 சதவீதம் கூடுதல் என்றால் நூற்றில் 49 பேருக்கு நோய் வரும் என்று பொருளல்ல. ஒரு பேச்சுக்கு, சரியான எடையுள்ளவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு வருவதாக இருந்தால், இவர்களில் 3 பேருக்கு வரும், அவ்வளவே. விளம்பரத்தில் "50 சதவீதம் கூடுதல்" என்று போடுவதன் சூட்சுமம் வணிகருக்குத் தெரியாததல்ல. ஆகவே அச்சப்பட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் நூற்றில் ஒருவர் கூடுதலாக விழுகிறார் என்பதும், ஆயிரம் உறுப்பினர் உள்ள ஒரு சங்கத்தில் அது பத்துக் குடும்பம் என்பதும் அலட்சியம் செய்யக்கூடிய கணக்கல்ல.

நலம் நிலைக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இலண்டன் அரசு ஊழியர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. தொடக்கத்தில் பருமனாக இருந்தும் கோளாறு இல்லாமல் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 20 ஆண்டு முடிவில் கோளாறுள்ளவர்களாக மாறிவிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 90,000-க்கு மேற்பட்ட செவிலியர்களை 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018-ல் வந்தது. கோளாறு இல்லாத பருமனான பெண்களில் 84 சதவீதம் பேர் 20 ஆண்டுகளில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என ஏதேனும் ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். சரியான எடையுள்ள பெண்களிலும் 68 சதவீதம் பேருக்கு அப்படி நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயது எல்லாரிடமும் வரி வசூலிக்கிறது. பருமனானவரிடம் சற்று முன்னதாகவே வசூலிக்கிறது.

இதிலிருந்து தெரிவது ஒன்றே. "கோளாறு இல்லை" என்ற சீட்டு, பொட்டலத்தின் மேல் உள்ள காலாவதித் தேதி போன்றது. இன்று தேதிக்குள் இருக்கிறது என்பது உண்மை. என்றைக்கும் தேதிக்குள்ளேயே இருக்கும் என்று பொருளல்ல.

சீட்டில் வராத செலவுகள்

சர்க்கரை, பிரஷர் பரிசோதனையில் அறவே தென்படாத கேடுகளும் பருமனால் வருகின்றன. நம் உறுப்பினர்கள் இவற்றை நோயாகவே கருதுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முழங்கால். எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்க ஆய்வொன்று அளந்து சொன்னது. அப்படியானால் 15 கிலோ கூடுதலாகச் சுமப்பவரின் முழங்கால் அடிக்கு 60 கிலோ கூடுதல் பாரம் தாங்குகிறது. மாடிக் கிட்டங்கிக்கு ஏற முடியாமல் சரக்குக் கணக்கைப் பையன்களிடம் விட்டுவிட்ட முதலாளிகள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அதனால் காணாமல் போகும் சரக்கும் பருமனின் செலவுதான்.

உறக்கம். குறட்டையை நாம் நகைச்சுவையாகக் கொள்கிறோம். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். இரவெல்லாம் உறங்கினாலும் உறங்கிய பயன் இராது. காலையில் தலைபாரம், பகலில் கல்லாவிலேயே கண் சொருகுதல், எரிச்சல், மறதி. இந்த நிலையில் விடியற்காலை கொள்முதலுக்குத் தாமே வண்டி ஓட்டிச் செல்பவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். இந்த மூச்சுத்தடை நாளடைவில் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

புற்றுநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சான்றுகளை ஆராய்ந்து, 13 வகைப் புற்றுநோய்களுக்கும் கூடுதல் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தது. பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், கருப்பை ஆகியவையும், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோயும் அப்பட்டியலில் உள்ளவை. வீட்டுப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதயத்தின் உழைப்பு. உடல் பெருத்தால் அதற்கு இரத்தம் கூடுதலாக வேண்டும். சின்ன மோட்டாரை வைத்துப் பெரிய கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது போல இதயம் நாள் முழுவதும் கூடுதலாக உழைக்கிறது. இரத்தக் குழாயில் அடைப்பே இல்லாமல் இருந்தும் சிலருக்கு மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். "வயசாச்சு" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

இவை தவிர, பித்தப்பைக் கல், குடலிறக்கம், எந்த அறுவைச் சிகிச்சையிலும் மயக்க மருந்து கொடுப்பதில் சிக்கல் என்று பட்டியல் நீளும். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வந்தபோது, பருமனானவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதை உலகமே கண்டது.

எதிர்க்கருத்தும் உண்டு

இதற்கு மாறான கருத்தைச் சொல்பவர்களும் உண்டு. அதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 2013-ல் அமெரிக்காவில் 43,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி வந்த ஓர் ஆய்வு, வளர்சிதை மாற்றம் சரியாக உள்ள பருமனானவர்கள், உடல் தகுதியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், சரியான எடையுள்ள நலமானவர்களைவிட விரைவில் இறப்பதில்லை என்று கண்டது. நாள்தோறும் உழைத்து, நடந்து, மூச்சு வாங்காமல் படியேறும் பருமனானவர் ஒருவர், நாற்காலியை விட்டு அசையாத ஒல்லியானவரைவிட நலமாக இருக்கலாம் என்பது இதன் சாரம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் "எனக்குச் சர்க்கரை இல்லை" என்று சொல்லும் நம் நண்பர்களில் எத்தனை பேர் அந்த உடல் தகுதியும் உள்ளவர்கள்? உடல் தகுதி என்பது அந்த ஆய்வில் ஓடவிட்டுச் சோதித்து எழுதிய எண். நம் வாயால் நமக்கே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று அல்ல.

2025 ஜனவரியில் லான்செட் இதழ் அமைத்த உலக வல்லுநர் குழு ஒரு நடுவழி காட்டியது. கூடுதல் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட நடமாட்டமோ பாதிக்கப்பட்டிருந்தால் அது நோய், சிகிச்சை வேண்டும். கொழுப்பு கூடுதல், ஆனால் பாதிப்பு இன்னும் இல்லை என்றால் அது நோய்க்கு முந்தைய நிலை. அவர்களுக்கு அறிவுரையும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். எடைக் குறியீட்டை மட்டும் பார்க்காமல் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும் என்றும் அக்குழு சொன்னது. இதுவே சரியான நிலை என்று நமக்குப் படுகிறது. நோயாளி என்று முத்திரை குத்தவும் வேண்டாம். நலமானவர் என்று அனுப்பிவிடவும் வேண்டாம். கடன் வாங்கியவரெல்லாம் திவாலானவர் அல்லர். ஆனால் கடன் இருப்பது ஏட்டில் இருக்க வேண்டும்.

கேலியும் கூடாது. பருமன் சோம்பேறித்தனத்தின் கூலி என்று பேசுவது உண்மைக்கும் புறம்பு, பண்புக்கும் புறம்பு. பரம்பரை, சில மருந்துகள், தைராய்டு, உறக்கக் குறைவு, மனக்கவலை என்று காரணங்கள் பல. கேலி செய்யப்பட்டவர் முகாமுக்கே வரமாட்டார்.

நம் தொழிலும் நம் உடலும்

நம் தொழிலுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1956-ல் வெளியான ஒரு பழைய ஆய்வை வணிகர்கள் அவசியம் அறிய வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர், நம் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் உழைப்பையும் அளந்தார். மூட்டை சுமப்பவர் முதல் எழுத்தர் வரை அதில் இருந்தார்கள். நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருக்கும் பஜார் கடைக்காரர்களும் இருந்தார்கள். உழைப்புக் குறையக் குறைய உணவும் குறைந்துகொண்டே வந்தது; ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அந்த விதி மாறிவிட்டது. உட்கார்ந்தே இருந்தவர்கள், கடும் உழைப்பாளிகள் அளவுக்கே சாப்பிட்டார்கள். எடையிலும் அவர்களே முந்தி நின்றார்கள். உடல் அசையாமல் போனால் பசி என்னும் தராசும் பழுதாகிறது என்பது அந்த ஆய்வு கொடுத்த பாடம்.

இலண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. இரட்டை மாடிப் பேருந்தில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. பின்னர் அவர்களுக்குத் தைத்த சீருடை அளவுகளைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்பே பெரிதாக இருந்தது. நாம் எல்லோரும் கல்லாவில் அமர்ந்த ஓட்டுநர்கள்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். நாள் முழுவதும் நிற்பவர் உட்கார ஒரு சட்டம் தேவைப்பட்டது, நியாயமான சட்டம். நாள் முழுவதும் உட்காரும் முதலாளி எழுந்து நிற்க எந்தச் சட்டமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

இனி, டீ. ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். வந்த வியாபாரிக்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, வசூலுக்கு வந்தவருக்கு ஒன்று என்று கூடவே நாமும் குடிப்பது நாளைக்கு ஆறு. நாளைக்கு 60 கிராம். மாதம் 1 கிலோ 800 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிலோ. அரை மூட்டைச் சர்க்கரையை ஒரு மனிதர் டீயாகவே குடித்துத் தீர்க்கிறார். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு சுமார் 50 கிராமுக்கு உள்ளேயும், முடிந்தால் 25 கிராம் அளவிலும் இருக்க வேண்டும் என்பது 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. டீயோடு வரும் வடையையும் பஜ்ஜியையும் இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. கடை அடைத்து வீடு போய் இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு. கை கழுவியதும் படுக்கை. இதுவே பெரும்பாலான கடைக்காரர்களின் நாள்.

சர்க்கரையும் எண்ணெயும் விற்பவர்களே இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். விற்பவருக்குத்தான் சரக்கின் குணம் நன்றாகத் தெரியும். அளவோடு வாங்கும் வாடிக்கையாளர் நெடுநாள் உயிரோடு இருந்து வாங்குவதே நமக்கும் இலாபம்.

விழுந்தால் எழுப்புவது யார்?

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரசு ஊழியர் நோயில் படுத்தால் மருத்துவ விடுப்பு உண்டு, சம்பளம் வரும். தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சிறுகடை முதலாளிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் படுத்தால் கடை படுக்கும். யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் காசோலை போக வேண்டும், எந்தச் சரக்கு எங்கே கிடைக்கும் என்பதில் பாதி பேரேட்டில் இருக்கும். மீதி அவர் தலைக்குள் இருக்கும். ஒரு மாதம் கதவு சாத்தினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார். கொடுத்தவன் ஓடி வருவான்; வாங்கியவன் ஒளிந்துகொள்வான். மருத்துவமனைச் செலவுக்குச் சரக்கு முதல் கரையும். முப்பது ஆண்டு கட்டிய கடை மூன்று மாதத்தில் கைமாறிய கதைகள் எல்லாக் கடைவீதியிலும் உண்டு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது வணிகருக்கு உவமையே அல்ல, நேர் கணக்கு.

என்ன செய்யலாம்?

சங்கங்களுக்கு நாம் சொல்வது இவை. முதலாவது, அடுத்த மருத்துவ முகாமில் சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எழுத வேண்டும். இடுப்பை அளக்கும்போது பேண்ட் அளவைக் கேட்டு எழுதக் கூடாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேண்ட், தொப்பை எவ்வளவு வளர்ந்தாலும் 36-லேயே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் டேப் வைத்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, "குறட்டை உண்டா, பகலில் கண் சொருகுகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, முழங்கால் வலிக்கிறதா" என்ற நான்கு கேள்விகளைச் சீட்டில் அச்சிட வேண்டும். "ஆம்" என்பவரை மருத்துவரிடம் தனியே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, சீட்டுக்குப் பதில் உறுப்பினருக்கு ஒரு சிறு ஏடு கொடுத்து ஆண்டுதோறும் அதிலேயே எழுத வேண்டும். ஓர் ஆண்டின் எண் ஒன்றும் சொல்லாது. ஐந்தாண்டு எண்களை வரிசையாகப் பார்த்தால் சரக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுப் பெண்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் இதே ஏடு வேண்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வழி செய்திருக்கிறது. அதில் கிடைக்கும் எண்களையும் இந்த ஏட்டிலேயே எழுதிவைக்கலாம்.

நான்காவது, மாதக் கூட்டங்களில் இனிப்பு, காரம், காபி என்ற பழைய வழக்கத்தை மாற்றிச் சுண்டலும் பழமும் கொடுக்கலாம். சங்கமே வழிகாட்டாவிட்டால் உறுப்பினர் எப்படி மாறுவார்?

உறுப்பினருக்கு நாம் சொல்வது இன்னும் எளிது. பட்டினி வேண்டாம்; பத்திரிகையில் விளம்பரம் வரும் இளைப்புப் பொடி வேண்டாம்; எடை குறைக்கும் ஊசி மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். கடை திறக்கும் முன் அரை மணி நேர வேக நடை, வாரம் ஐந்து நாள். ஒரு மணிக்கு ஒரு முறை கல்லாவை விட்டு எழுந்து, தாமே போய்ச் சரக்கு எடுத்துக் கொடுப்பது. டீயில் பாதிச் சர்க்கரை, எண்ணிக்கையில் பாதி டீ. இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து எட்டு மணிக்குள் முடித்துவிடுவது.

இதனால் பயன் உண்டா என்றால், நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பயன் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, "எடை இறங்கவில்லை, நடந்து என்ன பயன்" என்று பாதியில் விட்டுவிட வேண்டியதில்லை. எடையும் இறங்கினால் முழங்காலும் உறக்கமும் சேர்ந்து நன்றி சொல்லும்.

முகாம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பொட்டலம் கட்டும் நூல் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. தம் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, அதை இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்க்கலாம். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது 2022-ல் இங்கிலாந்து மருத்துவ அமைப்பு மக்களுக்குச் சொன்ன எளிய விதி. நூலின் இரு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடவில்லை என்றால், எத்தனை விரல் இடைவெளி என்று ஏட்டில் குறித்துவைத்து, அடுத்த தைக்குள் ஒரு விரலாவது குறைப்பது என்று கணக்கு வைப்போம்.